கான்கிரீட் விரிசல்: எதை அடைப்பது, எதை ஆராய்வது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விரிசலை எந்தப் பொருளைக் கொண்டு அடைக்கலாம் என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன. விரிசல் ஏன் வந்தது, அது இன்னும் அசைகிறதா, அதன் வழியே நீர் செல்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் பொருளின் பெயரைச் சொல்வதற்கில்லை. அதனால் சில பதில்கள் கேட்டதைவிட நீண்டுவிட்டன.

கேள்வி: மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று மாலையே ஆங்காங்கே கீறல்கள் தெரிந்தன. ஒப்பந்ததாரர் சிமென்ட் பாலை ஊற்றித் தேய்த்துவிட்டு, எல்லாத் தளத்திலும் இப்படி வருவதுதான் என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கான்கிரீட் இறுகும் முன்பே தோன்றும் கீறல்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, மேற்பரப்பு நீர் வேகமாக ஆவியாவதால் வருவது. கலவைக்குள்ளிருந்து மேலே கசிந்து வரும் நீரைவிட ஆவியாகும் நீர் அதிகமாகிவிட்டால், இன்னும் வலிமை பெறாத மேற்பரப்பு சுருங்கிக் கிழிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ அளவுக்கு நீர் ஆவியாகும் சூழலை எச்சரிக்கை எல்லையாகக் கொள்வது பொறியாளர் வழக்கம். காற்று வேகமாக வீசி, ஈரப்பதம் குறைந்து, கலவையும் சூடாக இருந்தால் இந்த எல்லையைக் கடப்பது எளிது. இவ்வகைக் கீறல்கள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாகவோ சாய்வாகவோ ஓடும். பெரும்பாலும் தளத்தின் விளிம்புவரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வகை, கலவை கீழ்நோக்கி அமரும்போது மேல்கம்பி அதைத் தடுப்பதால் வருவது. கீறல்கள் கம்பிகளுக்கு நேர் மேலே, கம்பிகளின் இடைவெளியிலேயே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது இதுதான். கீறல் கம்பியின் தலைக்கே நேராக இறங்குவதும், கம்பியின் அடியில் சிறு வெற்றிடம் உண்டாகியிருக்கக்கூடும் என்பதும் இதைக் கூடுதல் கவனத்துக்கு உரியதாக்குகின்றன.

கலவை இளகியிருக்கும்போதே மறுபடியும் அதிரூட்டி மட்டப்பலகையால் தேய்த்திருந்தால் இரண்டு வகையும் முழுமையாக மூடியிருக்கும். இறுகிய பின் ஊற்றும் சிமென்ட் பால் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. சிமென்ட் துகள்களில் பெரியவை 0.09 மி.மீ. வரை இருக்கும்; 0.2 மி.மீ. அகலமுள்ள கீறலின் வாயிலேயே அவை திரண்டு அடைத்துக்கொள்ளும்.

உங்கள் தளத்தில் முதலில் செய்ய வேண்டியது, கீறல்களின் மேல் சிறு பாத்தி கட்டி நீர் நிறுத்தி, அடிப்புறம் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது. கீறல் தளத்தை ஊடுருவியிருந்தாலும், அசையாத கீறலாக இருந்தால், தளம் நன்கு உலர்ந்த பின் அழுத்தக் காற்றால் தூசியை அகற்றி, நீரைப்போல் ஓடக்கூடிய மெல்லிய எபாக்சியையோ (இரு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) மெத்தாக்ரிலேட் பிசினையோ ஊற்றித் தானாக இறங்கவிடலாம். கீறலின் அடிவாயை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். மெத்தாக்ரிலேட்டைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதனுடன் வரும் ஊக்கி, தொடக்கி ஆகிய இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அவை வெடிக்கும் அளவுக்குக் கடுமையாக வினைபுரியும். ஒன்றைப் பிசினில் முழுவதும் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பதைக் கருவிகள் இல்லாமல் எப்படி அறிவது? எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்?

பதில்: விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டு, அருகில் தேதியை எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் அது நீள்கிறது. அகலத்தை அளக்க, பல தடிமன்களில் கோடுகள் அச்சிட்ட ஒளிபுகும் அட்டை கிடைக்கும். விரிசலின் மேல் வைத்து ஒத்துப்போகும் கோட்டைப் படிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும் என்பதால் அளக்கும் புள்ளியையும் குறித்துவையுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி அது உடைகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் அசைந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். எவ்வளவு, எந்தத் திசையில் என்று சொல்லாது. ஒட்டு விட்டுப்போனால் அதையும் சொல்லாது. ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு நெகிழித் தகடுகளைக் கொண்ட, மில்லிமீட்டர் கட்டமிட்ட அளவி இதைவிடப் பன்மடங்கு மேல்.

அளக்கும் நேரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 10 பங்கு நீளும். 10 மீட்டர் நீளமுள்ள தளத்தில் 20 டிகிரி வேறுபாடு வந்தால் 2 மி.மீ. அசைவு. காலையில் ஒரு நாளும் பிற்பகலில் மறுநாளும் அளந்துவிட்டு விரிசல் வளர்கிறது என்றோ குறைகிறது என்றோ முடிவுகட்டினால், நீங்கள் அளந்தது வெயிலைத்தான். ஒரே நேரத்தில் அளந்து, மேற்பரப்பு வெப்பத்தையும் உடன் குறியுங்கள். கோடையும் குளிரும் ஒரு சுற்று வந்த பிறகே, விரிசல் பருவத்தோடு திறந்து மூடுகிறதா, ஒரே திசையில் அகன்றுகொண்டே போகிறதா என்பது தெளிவாகும். பின்னது என்றால் அடித்தளம் இறங்குதல் போன்ற காரணங்களைத் தேட வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை, வறண்ட உட்புறத்தில் 0.3 மி.மீ., ஈரம் படும் இடத்தில் 0.2 மி.மீ., நீர்த்தேக்க அமைப்புகளிலும் கடுமையான சூழலிலும் 0.1 மி.மீ. என்ற எண்களை வடிவமைப்பாளர்கள் பரவலாகக் கையாளுகிறார்கள். இவை வடிவமைக்கும்போது ஏற்கும் எல்லைகள். ஒரு விரிசல் ஆபத்தானதா என்பதை அகலத்தைவிட அது இருக்கும் இடமும் ஓடும் திசையும்தான் கூடுதலாகச் சொல்லும்.

கேள்வி: தூணின் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக நீண்ட விரிசல் இருக்கிறது. இரண்டு முறை பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினோம். மறுபடியும் அதே இடத்தில் விரிசல், கூடவே பழுப்புக் கறை. மூன்றாம் முறை எபாக்சி ஊசி போடலாம், அதாவது விரிசலுக்குள் எபாக்சியை அழுத்தத்தில் செலுத்தலாம் என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறார்.

பதில்: வேண்டாம். நீங்கள் விவரிப்பது உள்ளே கம்பி துருப்பிடித்ததால் வந்த விரிசலின் அடையாளங்கள் அத்தனையும் பொருந்தியது. அங்கே ஊசி போட்டால் துருவின் மேல் பிசினை ஊற்றி மூடியதாகவே முடியும்.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிகுதி, அதன் பி.ஹெச். மதிப்பு 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்து, பி.ஹெச். 9-க்குக் கீழே இறங்கியதும் படலம் அழிகிறது. கடல் காற்றின் வழியாகவோ, உவர் நீரில் கலவை போட்டதாலோ குளோரைடு சேர்ந்திருந்தால், காரம் குறையாமலே படலம் ஓட்டை ஓட்டையாக உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைப்பதால், மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. விரிசல் கம்பியின் நீளத்துக்கு இணையாக ஓடுவதன் காரணம் அதுதான்.

கம்பிக்கு மேல் விடப்படும் கான்கிரீட் தடிமனை, அதாவது கவரை, பணியிடத்தில் அலட்சியம் செய்வதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். கரியமில வாயு காரத்தைக் குறைக்கும் இந்தச் செயலுக்குக் கார்பனேற்றம் என்று பெயர்; அது உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. 10 மி.மீ. இறங்க 5 ஆண்டு ஆகும் கான்கிரீட்டில் 20 மி.மீ. இறங்க 20 ஆண்டு ஆகும், 40 மி.மீ. இறங்க 80 ஆண்டு ஆகும். கவர் பாதியானால் கம்பி காப்புடன் இருக்கும் காலம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. தூணின் மூலைக் கம்பிக்கு இரு பக்கமிருந்தும் வாயு வருவதால் விரிசல் முதலில் மூலையில்தான் தெரியும்.

எனவே முதலில் சோதனை. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். கார்பனேற்றம் அடைந்த இடம் நிறமற்று இருக்கும். கம்பி வரை நிறம் வரவில்லை என்றால் காரணம் தெரிந்தது. கம்பியைச் சுற்றிலும் நிறம் வந்தும் துரு இருக்கிறது என்றால் குளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கான்கிரீட்டைத் துளையிட்டு, ஆழம் வாரியாகத் தூளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குளோரைடு இருந்தால் பழுதுவேலையின் கடினம் பன்மடங்காகும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் பொறியாளர் ஒருவர் தூணின் சுமையைக் கணக்கிட்டு முட்டுக்கொடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். தூணைக் கொத்தும்போது எஞ்சிய பகுதி முழுச் சுமையையும் ஏற்கிறது. முட்டுக்கொடுத்துச் சுமையைக் குறைக்காமல் பூசிய புதுக் கலவை, பிறகு வரும் கூடுதல் சுமையில் மட்டுமே பங்கெடுக்கும். ஏற்கெனவே இருந்த சுமையில் அதற்குப் பங்கில்லை. நான்கு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கொத்த யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அதன்பின் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தலாக ஒலிக்கும் பரப்பு முழுவதையும் சுண்ணாம்புக் கட்டியால் குறிக்க வேண்டும். குறித்த எல்லையை வெட்டும் இயந்திரத்தால் ஏறத்தாழ 10 மி.மீ. ஆழத்துக்கு, கம்பியைத் தொடாமல், செங்குத்தாக வெட்ட வேண்டும். விளிம்பு சரிந்து மெலிந்தால் புதுக் கலவை அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். துருவற்ற கம்பி தெரியும் வரை நீளவாக்கிலும், கம்பிக்குப் பின்னால் குறைந்தது 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும் வரை ஆழவாக்கிலும் கொத்த வேண்டும். பெரும்பாலான பழுதுகள் தோற்பது இந்த இடத்தில்தான். கம்பியின் முகத்தை மட்டும் திறந்து, முதுகை அழுக்கான பழைய கான்கிரீட்டில் விட்டுவிட்டுப் பூசுகிறார்கள். முதுகில் துரு தொடர்கிறது.

கம்பியைச் சுற்றிலும் மணல் வீசியோ உயர் அழுத்த நீரைப் பாய்ச்சியோ சுத்தம் செய்த பின் அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆகியிருந்தால் கண்ணுக்குச் சிறு வேறுபாடுதான். ஆனால் குறுக்குப் பரப்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. அந்த நிலையில் உரிய நீளத்துக்கு மேலடுக்கிப் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். குறுக்கே கட்டியிருக்கும் வளையங்கள் மெல்லியவை என்பதால் அவையே முதலில் அறுந்திருக்கும். நேர்க்கம்பி பிதுங்காமல் பிடித்திருப்பவை அவைதான் என்பதால் அவற்றையும் புதுப்பிக்க வேண்டும்.

கம்பிக்குத் துத்தநாகம் மிகுந்த பூச்சு, பழைய பரப்புக்குப் பிணைப்புப் பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த பழுதுக் கலவை என்பது வழக்கமான வரிசை. பிணைப்புப் பூச்சு ஈரமாக, அல்லது தயாரிப்பாளர் சொல்லும் ஒட்டும் பதத்தில், இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். உலர்ந்துவிட்ட பிணைப்புப் பூச்சு ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். பிணைப்புப் பூச்சு இல்லாமல் செய்வதானால், பழைய கான்கிரீட்டை நீரில் ஊறவைத்து, மேலே நீர் தேங்காமல் உள்ளே மட்டும் ஈரம் நிற்கும் நிலையில் பூச வேண்டும். கொத்திய பள்ளம் ஆழமாகவும் பரப்பு பெரிதாகவும் இருந்தால், ஷட்டரிங் கட்டிச் சிறு ஜல்லி கலந்த, தானாகப் பரவும் மைக்ரோ கான்கிரீட்டை ஊற்றுவதே நல்லது. கையால் பூசுவது அங்கே எடுபடாது. அதற்குப் பிறகு நீர் ஆற்றுதல். மெல்லிய பூச்சு விரைவாக உலரும் என்பதால் முதல் நாளே ஈரச் சாக்கால் மூட வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குளோரைடு உள்ள அமைப்பில், ஓரிடத்தை மட்டும் புதுக் கலவையால் சரிசெய்தால், சில ஆண்டுகளில் அந்த ஒட்டுக்கு வெளியே, அதைச் சுற்றி வளையமாகத் துரு கிளம்புவது உண்டு. முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி, மின்வேதியியல் முறையில் பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. இதைத் தடுக்க, கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளை இணைத்து ஒட்டின் விளிம்பில் புதைக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்து தீரும். தீர்ந்தபின் காப்பும் தீரும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எபாக்சி ஊசி எங்கேதான் பொருந்தும்? சரியாகச் செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காரணம் முடிந்துபோன, அசையாத, உலர்ந்த விரிசலுக்கு இதைவிடச் சிறந்த முறை குறைவு. ஒரு முறை தாங்கிய அதிகச் சுமை, ஒரு நில அதிர்வு, முட்டுகளை முன்கூட்டியே பிரித்தது போன்றவற்றால் பிளந்த உறுப்பை மீண்டும் ஒன்றாக்க அது உதவும். 0.05 மி.மீ. அகல விரிசலுக்குள்ளும் மெல்லிய எபாக்சி செல்லும். இறுகிய எபாக்சியின் இழுவலிமை கான்கிரீட்டைவிடப் பல மடங்கு அதிகம். விரிசலை உண்டாக்கிய காரணம் தொடர்ந்தால், அடைத்த இடம் அசையாது நிற்க, பக்கத்தில் புது விரிசல் பிறக்கும் என்பதும் இதனால்தான்.

வேலையை நீங்களே கவனிக்கலாம். விரிசலின் வாய் தூசியும் பெயின்டும் பழைய அடைப்பும் இன்றிச் சுத்தமாக இருக்க வேண்டும். ஊசிமுனைகளை விரிசல் நெடுக, ஏறத்தாழ உறுப்பின் தடிமனுக்குச் சமமான இடைவெளியில் பதித்து, இடைப்பட்ட வாயைப் பசையால் மூடுவார்கள். விரிசல் மறுபக்கம் வரை போயிருந்தால் அங்கேயும் மூட வேண்டும். செங்குத்தான விரிசலில் அடிமுனையிலிருந்து தொடங்கி, அடுத்த முனையில் பிசின் எட்டிப்பார்க்கும் வரை செலுத்தி, பிறகே மேலே நகர வேண்டும். மெல்லிய விரிசலுக்கு வேகத்தைவிடப் பொறுமைதான் தேவை. அழுத்தத்தைத் திடீரென்று கூட்டினால் மேலே பூசிய பசை பிய்ந்துகொள்ளும், சில வேளை விரிசலே அகலும். பிசின் எங்கேயும் வெளிவராமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றால், மறைவான ஒரு வெற்றிடமோ மூடாத மறுபக்கமோ இருக்கிறது. நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

இரு பாகங்களையும் கலந்ததும் எபாக்சி சூடேறத் தொடங்கும். வாளி நிறையக் கலந்தால் உள்ளே செலுத்தும் முன்பே இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். கையுறை இல்லாத பணியாளரை வேலையைத் தொடர விடாதீர்கள். முடிந்தபின் சரிபார்க்க, கம்பி இல்லாத இடங்களில் சிறு விட்டத்தில் கான்கிரீட் உருளையை அறுத்தெடுத்து, விரிசலின் ஆழத்தில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. 90 விழுக்காடு நிரம்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கத்தில் உள்ளது.

தீயைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சி வகைகள் 100 டிகிரிக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். தீயின்போதும் சுமை தாங்க வேண்டிய உறுப்பில் எபாக்சியை மட்டும் நம்பக் கூடாது.

கேள்வி: தளத்தில் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் விரிசல் ஒன்று உள்ளது. அதில் நெகிழும் அடைப்பானைப் பிதுக்கி நிரப்பினோம், ஓராண்டில் கிழிந்துவிட்டது. அடைப்பான் தரமில்லாததா?

பதில்: அடைப்பானைக் குறை சொல்லும் முன் கணக்கைப் பாருங்கள். 0.3 மி.மீ. விரிசல் மேலும் 1 மி.மீ. திறக்கிறது என்றால், உள்ளே இருக்கும் அடைப்பான் தன் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டும். எந்த அடைப்பானும் அதைத் தாங்காது. அதே விரிசலின் மேல் 10 மி.மீ. அகலத்துக்குக் காடி வெட்டி நிரப்பினால், அதே 1 மி.மீ. அசைவு வெறும் 10 விழுக்காடு நீட்சியாகிவிடும். காடியின் ஆழம் அகலத்தில் பாதி போதும். அடியில் ஒட்டாத நாடா ஒன்றை இட்டு, அடைப்பான் இரு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டும்படி செய்ய வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் அது தாராளமாக நீள முடியாமல் கிழியும்.

கேள்வி: குடிநீர்த் தொட்டியின் சுவரில் மெல்லிய கசிவு. தொட்டியைக் காலி செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: கசிவு மிக மெல்லியதாக இருந்தால் சில வாரங்கள் பார்த்திருக்கலாம். 0.1 மி.மீ. அளவிலான, அசையாத விரிசலின் வழியே நீர் மெதுவாகச் செல்லும்போது, கான்கிரீட்டிலுள்ள சுண்ணம் கரைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து அதைத் தானே அடைத்துக்கொள்வது உண்டு. வெளியே தெரியும் வெள்ளைப் படிவு அந்தச் செயலின் அடையாளமே. அது அடங்காவிட்டால், நீரோடு வினைபுரிந்து நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேனை வெளிப்புறத்திலிருந்தே செலுத்தலாம். விரிசலின் மேல் நேராகத் துளையிடாமல், பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்வில், சுவரின் தடிமனில் பாதி ஆழத்தில் விரிசலை வெட்டும்படி, இடமும் வலமுமாக மாறி மாறித் துளையிட வேண்டும். இது நீரை நிறுத்துமே தவிர வலிமையைத் திருப்பித் தராது. குடிநீரில் பயன்படுத்த ஏற்பளிக்கப்பட்ட பொருளா என்று சான்றைக் கேட்டுப் பார்த்த பிறகே அனுமதியுங்கள்.

கேள்வி: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் மேற்பரப்பில், சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக ஒரு விரிசல். உள்ளே உத்தரத்தின் முனையில் சாய்வாக இன்னொன்று. பூசி மறைத்துவிடலாமா?

பதில்: இரண்டையும் மறைக்காதீர்கள். பால்கனியில் ஆள்களும் பூந்தொட்டிகளும் இருந்தால் இன்றே அகற்றி, கீழேயும் யாரும் நிற்காதபடி செய்து, பொறியாளரை அழையுங்கள்.

இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில், அடிப்புறத்தில் தோன்றும் மெல்லிய செங்குத்துக் கீறல்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கப்பட்டவை. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது கீறிய பிறகே கம்பி தன் பங்கை முழுமையாக ஏற்கிறது. ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்ட பால்கனியில் இது தலைகீழ். இழுவிசை மேற்பரப்பில், சுவரை ஒட்டிய இடத்தில் உச்சத்தில் இருக்கிறது; முதன்மைக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது பணியாளர் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கியிருந்தால், நீங்கள் சொல்லும் விரிசல்தான் முதல் அறிகுறி. அதற்குள் மழைநீர் இறங்கினால், எஞ்சிய கம்பியும் பார்வைக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். உத்தரத்தின் முனையில், தாங்கியிலிருந்து சாய்ந்து ஏறும் விரிசல் வெட்டு விசையால், அதாவது உறுப்பைக் குறுக்கே அறுப்பதுபோல் செயல்படும் விசையால் வருவது. வெட்டுத் தோல்வி, வளைந்து தொய்ந்து நாள்கணக்கில் எச்சரித்துவிட்டு வருவதில்லை.

இதில் தாமதத்தின் விலை என்ன என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று உண்டு. 2018 மார்ச் 15 அன்று அமெரிக்காவின் மியாமி பகுதியில், ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம் போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்த சாலையின் மேல் இடிந்து 6 பேர் இறந்தனர். சாய்வு உறுப்பு ஒன்று கீழ்த்தளத்தோடு சேரும் முனையில் விரிசல்கள் அகன்றுகொண்டிருந்ததை அனைவரும் பார்த்திருந்தார்கள், படமெடுத்திருந்தார்கள். இடிந்த அன்று காலையிலும் அவற்றைப் பற்றிக் கூட்டம் நடந்தது. சாலை மட்டும் மூடப்படவில்லை. அந்த விரிசல்கள் பொதுவாக ஏற்கப்படும் அளவைப்போல் 40 மடங்கு பெரியவை என்று விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது; அடிப்படைக் காரணம் அந்த இணைப்பின் வடிவமைப்புக் கணக்கில் நேர்ந்த பிழை. நீங்கள் சொல்லும் இரண்டு விரிசல்களுக்கும் முதல் பழுதுவேலை முட்டுக்கொடுப்பதுதான்.

கேள்வி: சுத்தியல் கருவியை அழுத்திப் பார்த்துவிட்டு, கான்கிரீட் வலிமையாக இருக்கிறது, விரிசலைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார்கள். போதுமா?

பதில்: போதாது. அந்தக் கருவி மேற்பரப்பின் சில சென்டிமீட்டர் கடினத்தை மட்டும் அளக்கிறது. கார்பனேற்றம் அடைந்த பரப்பு கூடுதல் கடினமாவதால், துருப்பிடிக்கத் தயாராக இருக்கும் தூண் அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

கேள்வி: பல ஆண்டுகள் பழைய தடுப்புச் சுவர் முழுவதும் வலைபோல விரிசல்கள் பரவுகின்றன. காரணம் என்ன?

பதில்: புதிதாகத் தேய்த்த பரப்பில் வரும் வலைக் கீறல் ஓரிரு மில்லிமீட்டர் ஆழமே உடையது, அழகுக்குத்தான் குறை. பல ஆண்டுகள் கழித்துத் தோன்றிப் பரவுவது வேறு. சிமென்டிலுள்ள காரமும் சில வகை ஜல்லியிலுள்ள சிலிக்காவும் வினைபுரிந்து உண்டாகும் கூழ்மம், நீரை உறிஞ்சி வீங்கிக் கான்கிரீட்டைப் பிளப்பதாக இருக்கலாம். கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் 1940-இல் இதை அடையாளம் கண்டு வெளியிட்டார். அறுத்தெடுத்த துண்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் உறுதியாகும். உள்ளே தொடங்கிவிட்ட வினையைப் பிசினால் நிறுத்த முடியாது. நீரை நிறுத்தினால் வீக்கம் தணியும். சுவரின் பின்புறம் வடிகாலைச் சரிசெய்து, முன்புறம் நீரைத் தடுத்தும் உள்ளிருக்கும் ஆவியை வெளியேற விடுகிற சிலேன் வகைப் பூச்சைத் தரலாம். ஆவி புகாத பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து நிலைமையைக் கெடுக்கும்.

கேள்வி: ஒப்பந்ததாரருடன் எழுதும் உடன்படிக்கையில் எவற்றைச் சேர்க்க வேண்டும்?

பதில்: பழுதுவேலையின் அளவை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, கொத்தத் தொடங்கினால் பரப்பு ஏறத்தாழ எப்போதும் பெருகும். ஆகவே மொத்தத் தொகைக்குப் பேசிவிட்டால், அளவு கூடும்போது கம்பிக்குப் பின்னால் கொத்துவதைத்தான் முதலில் குறைப்பார்கள். கொத்திய பரப்பு, சராசரி ஆழம், ஊசி போட்ட விரிசலின் நீளம், சேர்த்த கம்பியின் எடை என்று அலகுவாரியாக எழுதி, திறந்த நிலையில் உங்கள் பொறியாளர் பார்த்து அளந்த பிறகே மூடலாம் என்று சேருங்கள். கலவை ஏறிய பின் மறுபடியும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தலாக ஒலிக்கும் இடத்தைச் செலவின்றி மீண்டும் செய்து தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். தொகையின் ஒரு பகுதியை, ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் கடந்து, வேலைக்கு முன் வரைந்த விரிசல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.